ஆய்வுகூடத்தில் பால் காய்ச்சிய கதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு கலியாண வீட்டில் பட்டணத்துக்காரர் ஒருவர், "தீவாருக்குக் காசு வந்தால் கோயில் கட்டுவினம், இன்னும் வந்தால் அதுக்கொரு கோபுரம் கட்டுவினம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் ஊர் புங்குடுதீவுதான். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "அலைகள் தாலாட்டும் புங்குடுதீவிலே, ஓர் இளங்காலைப் பொழுதில்..." (வெட்டிவிட்டேன். அலைக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: 1967இல் சீதேவி கோயில் பிடியரிசியைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று வேறாக எடுத்து வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அந்தப் பிடியைத்தான், விற்றுக் காசாக்கிக் கட்டிடம் எழுப்பவென்று, சீதேவி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இல்லை. அதனால் விஞ்ஞான உயர்தர வகுப்பும் இல்லை. மகள் மனோகரிக்கோ டாக்குத்தராகும் ஆசை. பட்டணத்து விடுதியில் விட்டுப் படிப்பிக்க வழியில்லை. தெற்கே சிங்கள ஊரில் இருந்த அவர்களின் கடை ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் எரிந்துபோயிற்று. புருசன் இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். இங்கே வகுப்பு வராவிட்டால் மனோகரியின் படிப்பு அதோடு சரி.

கோயில் தருமகர்த்தா மார்க்கண்டர் தன் வீட்டுப் படலைக் கதவைத் திறக்காமலே மறித்தார்.

"சாமியின்ரை அரிசியிலை கை வைக்கிறாய், பிள்ளை."

"சாமி பசி தாங்கும், அண்ணை. கடையை எரிச்சவங்கள். என்ரை பெட்டையின்ரை தலைக்குள்ளை ஏறினதை ஆர் எரிக்கிறது?"

(மார்க்கண்டரை வில்லனாகத்தான் வைத்திருந்தேன். கதைக்கு ஒருவன் வேண்டுமே! மனுசன் கேட்டால்தானே? கோயில் மதிலுக்கென்று குவித்திருந்த கல்லை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். நான் என்ன செய்ய?)

3

இந்த இடத்தில் ஒரு சின்னப் பிரசங்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் வெங்காயம் விளையும், புகையிலை விளையும். எங்கள் கிணறுகள் பாதி உவர். ஆனபடியால் பிள்ளைகளின் தலையில் விதைத்தோம். சோதனை முடிவு வருகிற நாள்தான் எங்களுக்கு அறுவடை. அறிவை முதலாகப் போட்டு உலகம் பிழைக்கப் போகிறதென்று இப்போது பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். அட, இதைத்தானே சீதேவி அரிசிப் பெட்டியோடு சொல்லித் திரிந்தாள்!

4

கட்டிடம் எழும்பியது. காரைநகரில் இருந்து விஞ்ஞான மாஸ்டர் பரராசசிங்கமும் வந்து சேர்ந்தார். இனி கல்வித் திணைக்களத்து வித்தியாதிகாரி வந்து, சாமான்கள் எல்லாம் சரியென்று கண்டு, வகுப்புக்கு அனுமதி எழுதவேண்டியதுதான் பாக்கி.

அவர் வருகிற அன்று விடியவே பெண்கள் செம்பில் பாலோடு வந்துவிட்டார்கள்.

"புதுக் கட்டிடம், மாஸ்டர். பால் காய்ச்சாமல் உள்ளுக்குப் போறதோ?" என்றாள் சீதேவி.

புதுப்பானையை ஒருவரும் கொண்டுவரவில்லை. அவள் அலுமாரியைத் திறந்தாள். அங்கே இருந்த கண்ணாடி முகவைகளில் பெரியது ஒன்றே ஒன்று. "இது புதுசுதானே?"

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் முகவை முக்காலியில் ஏறிவிட்டது. கீழே ஸ்பிரிட் விளக்கு. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நல்ல சகுனம். "அரோகரா!" என்றார்கள் எல்லோரும். சீதேவி சேலைத் தலைப்பால் முகவையைப் பிடித்து இறக்கி, அப்போதுதான் கழுவிவிட்ட ஈர மேசையில் வைத்தாள்.

டிக்.

மேலிருந்து கீழ்வரை வெடித்துப் பால் தரையெல்லாம் ஓடியது. வெளியே ஜீப் வந்து நின்றது.

(இப்படியொரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு ஆர் விடுவார்கள்? எனக்கு அதிலும் பெருமைதான்.)

5

வித்தியாதிகாரி மூக்கைச் சுருக்கினார். "இது ஆய்வுகூடமோ, சமைக்கிற குசினியோ?"

முடிவு ஒன்று: முகவை ஏன் வெடித்தது என்பதை மனோகரி விஞ்ஞானப்படி விளக்க, அதிகாரி மெய்சிலிர்த்து... (சீ, சினிமா.)

முடிவு இரண்டு: அதிகாரி மறுத்துவிட, சீதேவி கண்ணீரோடு... (அழுகிற ஆளா அவள்?)

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் சீதேவி முன்னுக்கு வந்துவிட்டாள்.

"பிழை என்ரை, ஐயா. எங்கடை பிள்ளையள் இருக்கப்போற இடம். அதாலை வீடெண்டே நினைச்சுப்போட்டன். முகவை வாங்கித் தருவம். அனுமதி தராட்டி மாஸ்டரை வேறை பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போடுவியள், அதுவும் தெரியும். எடுங்கோ. பிடியரிசி சேர்த்து வேறை மாஸ்டரைப் பிடிப்பம். திங்கக்கிழமை வகுப்பு நடக்கும். இந்தக் கதவை ஆர் பூட்டுறாரெண்டு பாப்பம்."

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். மார்க்கண்டர் சண்டைக்கு இறங்குகிறவர்போலச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து சீதேவிக்குப் பக்கத்தில் நின்றார். அதிகாரி பேனையைத் திறந்தார்.

அவர் எழுதியதை நான் சொல்லப்போவதில்லை. பேனையை உங்களிடமே தருகிறேன். பால் வழிந்த மேசைக்கு அந்தப் பக்கம் மனோகரி உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே, இல்லை என்று எழுதுங்கள் பார்ப்போம்.