இடப்பக்கத்துச் சக்கரம்

“காரை எடுத்தாத்தான் சார் பெட்டி உள்ள வரும்” என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடி சொன்னார்.

கார் சாவி ரெங்கராஜின் சட்டைப் பையில் இருந்தது. கூடத்துப் பாயில் கிடத்தியிருந்த அண்ணன் உடலருகே குனிந்து, பையில் கைவிட்டு, அன்புச்செல்வன் அதை எடுத்துக்கொண்டு வந்தான். மகாலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, பிரேக்க நாலஞ்சு தடவ மிதிச்சுட்டு அப்புறம் எடுங்க.”

“நீங்க உள்ள போய் உக்காருங்க அண்ணி. நான் பாத்துக்குறேன்.”

உள்ளே போ என்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது. அவள் கணவர் ரெங்கராஜ் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரான் செய்ததில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டி வந்த பிறகும் அந்த உத்தியோகத்தை விடவில்லை, சம்பளம்தான் நின்றது. காரில் இன்னொருத்தன் கை படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையானால் போர்ட்டிகோவில் குந்திக்கொள்வார். அவள் டார்ச் பிடிக்க வேண்டும், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டும், சீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னால் பிரேக்கை அமுக்க வேண்டும், சொன்னால் விட வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் ஆடினால் போதும், “ஒரு லைட்டப் பிடிக்கத் துப்பில்ல” என்பார். முப்பத்து நாலு வருஷத்தில் ஓட்ட மட்டும் கற்றுத் தரவில்லை.

அன்புச்செல்வன் வண்டியைப் பின்னால் எடுத்தான். போர்ட்டிகோ சரிவில் பிரேக்கை மிதித்தான்; பெடல் அடிவரை போய்விட்டது. கார் அது பாட்டுக்கு உருண்டது. வாசலில் நின்றவர்கள் சிதறினார்கள். கைப்பிரேக்கை இழுத்துக் கேட் தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினான்.

மகாலட்சுமி இறங்கி வந்து கதவைத் திறந்தாள். “கொஞ்சம் எந்திரிங்க.”

சீட்டில் உட்கார்ந்து மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் பெடல் கெட்டியாகி நின்றது. “இப்ப எடுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்புச்செல்வன் தெருமுனை வரை ஓட்டிப் போய் நிறுத்திவிட்டு வந்தான். “ரெண்டு மாசமா பிரேக் அரைச்சுக்கிட்டிருந்த வண்டி. இப்ப துளி சத்தமில்ல. போற நாள்லயும் வேலைய முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு. அண்ணன் கை அண்ணன் கைதான்” என்றான். நின்றவர்கள் தலையாட்டினார்கள். “அண்ணிக்கும் எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்காரு பாருங்க.”

மகாலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்க முடியாதே என்று அடுப்படிக்குப் போனாள். மகள் அனுசுயா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். போன் வந்ததும் பிள்ளைகளைக்கூடப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அம்மா, அப்பாவுக்கு ஒம்பது மணிக்கே நெஞ்சு வலின்னு எதிர்வீட்டு விஜயராணி அக்காகிட்ட சொன்னியாம். எனக்குப் பத்து மணிக்குத்தானே போன் பண்ணின. அதுவரைக்கும் என்னம்மா பண்ணிட்டு இருந்த?”

மகாலட்சுமி மகளின் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பெண்ணின் கண்ணில் சந்தேகம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“டயர் மாட்டிட்டு இருந்தேன்.”

“என்னம்மா சொல்ற?”

“வலப்பக்கம் அவரே புது பிரேக் பேடு மாத்திட்டாரு. இடப்பக்கம் கழட்டும்போதுதான் வலிக்குதுன்னு நாற்காலில சாஞ்சாரு. நூத்தியெட்டுக்கு போன் பண்றேன்னேன். போனப் பிடுங்கி மடில வெச்சுக்கிட்டாரு. வீட்டுல கார வெச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல போனா தெரு சிரிக்குமாம். பேட வெச்சு டயர நீ மாட்டு, நானே ஓட்டிட்டுப் போறேன்னாரு. ஆட்டோவாவது கூப்பிடுறேன்னு கேட் வரைக்கும் போனேன். படி தாண்டினா நடக்கறதே வேறன்னாரு.”

அனுசுயா கதவில் சாய்ந்துகொண்டாள்.

“உக்காந்துக்கிட்டே சொன்னாரு. இத அமுக்கு, அத முடுக்கு. ஒரு நட்டு கை தவறி உருண்டிருச்சு. அதுக்கும் திட்டினாரு. கடைசி நட்ட முடுக்கிட்டு ஜாக்கிய இறக்கினேன். சரியான்னு கேட்டேன். பதிலில்ல.”

சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் பாதி, மறுபேச்சில்லாமல் குனிந்து நட்டு முடுக்கிய தன் மேல் பாதி. கேட்டில் தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை.

அனுசுயா அம்மாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணில், விரல் இடுக்கில், ரேகைகளில் எல்லாம் பிரேக் கரி அப்பியிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் மகாலட்சுமி நினைத்தாள். அனுசுயா அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றித் தேய்த்தாள். கரி எண்ணெயில் கரைந்து வழிந்தது. பழைய துணியால் இடது கையை விரல் விரலாகத் துடைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா” என்றாள் தணிந்த குரலில். “அப்பா பேரு கெட்டுடும்.”

மகாலட்சுமி மகளையே பார்த்தாள். மூக்கு, நெற்றி, பிடித்த பிடி எல்லாம் அவர்தான். மகள் வலது கைக்கு வந்தபோது அதை இழுத்துக்கொண்டாள்.

“இது இருக்கட்டும்.”

“அம்மா, எல்லாரும் பாப்பாங்க.”

மகாலட்சுமி கதவைத் திறந்துகொண்டு போனாள்.

காலியான போர்ட்டிகோவில் பெட்டியை வைத்து ரெங்கராஜைக் கிடத்தியிருந்தார்கள். விஜயராணி கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜாக்கி வைத்த இடத்தில் தரை பெயர்ந்திருந்தது. அதன் மேல் யாரோ கோணியைப் போட்டு மூடியிருந்தார்கள். கண்ணாடி மூடியைச் சாத்தினதும் மகாலட்சுமி அவர் முகத்துக்கு நேரே வலது கையை ஊன்றி நின்றாள். எடுத்தபோது ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

“என்னண்ணி இது” என்று அன்புச்செல்வன் தோள் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தான். முகம் மறுபடி பளிச்சென்று தெரிந்தது.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்தாள். பிறகு அதே இடத்தில் கையை வைத்தாள்.