இரவி அண்ணையின் யப்பான்

காலை ஆறு மணிக்கே, பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் ஊர் லாசாலில், எங்கள் தொழிற்சாலை இரைய ஆரம்பித்துவிடும். குளிர்காலக் கோட் தைக்கிற இடம். இறகு அடைத்த துணியை ஊசிக்குக் கீழே தள்ளத் தள்ள மூக்குக்குள் தூசி ஏறும், விரல் நுனி மரத்துப்போகும். கோட்டுக்குக் கை பூட்டுவது என் வேலை. பதினாறு வருடம். தோள் வளைவில் துணி சுருங்காமல் இழுக்க ஒரு பிடி இருக்கிறது. அது என் இடது பெருவிரலுக்கு மட்டும் தெரிந்த பிடி. அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மடைச்சி!

கேட்டவர் முதலாளி இரவிச்சந்திரன். எங்களுக்கு இரவி அண்ணை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் இடத்தில் நின்று தேங்காய் உடைத்தவர். போன வைகாசியில் சாப்பாட்டு அறையில் எல்லாரையும் இருத்தி யப்பான் கதை சொன்னார்.

"இருநூறு வருசத்துக்கு மேல கதவைப் பூட்டி வைச்சிருந்த நாடு. திறந்து நாப்பது வருசத்தில ரயில், மில், கப்பல் எல்லாம் வந்திட்டுது. சாமுராயே வாளைக் கீழ வைச்சவன். நீங்கள் கைவேலையைப் பொத்தி வைச்சுக்கொண்டிருக்கிறியள். ஒருத்தருக்கும் வேலை போகாது, நான் சொல்லுறன்."

எங்கள் கைவேலையைப் பார்த்துப் புது மெசின் பழக, ஒவ்வொருவர் கைக்கு மேலும் கமெரா பூட்டினார்கள். ஹெயிட்டிக்காரி மார்லேன் மட்டும் மாட்டேன் என்றாள். கொலர் தைப்பதில் அவளை வெல்ல ஆள் இல்லை. அவளிடம் அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சியது யார்? நான்தான். எங்கள் அண்ணை பொய் சொல்லமாட்டார் என்று சத்தியம் பண்ணினேன். என் முகத்துக்காகச் சம்மதித்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை புது மெசின்கள் வந்து இறங்கின. கை பூட்டும் மெசின் முன்னால் போய் நின்று பார்த்தேன். தோள் வளைவில் துணியைக் கொஞ்சம் நிறுத்தி, உள்ளே தள்ளி, பிறகு இழுத்தது. அப்படியே என் பிடி!

அண்ணை என்னை மட்டும் கந்தோருக்கு, தன் அலுவலக அறைக்கு, கூப்பிட்டார்.

"மலர், இனி முப்பது பேர் தேவையில்லை, எட்டுப் பேர் காணும். எங்கட தமிழாக்கள் பதினொரு பேரில எட்டுப் பேரை நீங்களே எழுதித் தாங்கோ. மற்றவைக்கு வெள்ளிக்கிழமை சொல்லுவம்."

"மார்லேன்?"

"அவள் எங்கட ஆளோ?"

அப்போது என் வாய்க்குள் வந்ததை இங்கே அச்சில் போடமுடியாது. நேரே வெளியே வந்தேன். என் மெசினை நிறுத்திவிட்டு, தெரிந்த மொழி எல்லாவற்றிலும் நடந்ததைச் சொன்னேன். மார்லேனிடம் போய், "உன்னை ஏமாத்தினது நான்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மெசினாக நின்றது.

அண்ணை ஓடிவந்தார். "என்ன இது? யப்பான்காரன் இப்பிடி நிண்டிருந்தால் முன்னேறியிருப்பானோ?"

நிருஷா எழும்பினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு இங்கே கோட்டுக்கு ஸிப் தைக்கிறவள்.

"மிச்சத்தை நான் சொல்லுறன் அண்ணை. அந்த மெசினும் கப்பலும் வாங்கக் காசு தேடிக் குடுத்தது பட்டு நூல் இழுத்த பெட்டையள். 1886இல கோஃபு எண்ட ஊரில முதலாளிமார் சேர்ந்து நேரத்தைக் கூட்டிச் சம்பளத்தைக் குறைச்சினம். நூறு பேருக்கு மேல வேலையை விட்டிட்டு கோயிலுக்குள்ள போய் இருந்திட்டினம். பிறகு முதலாளிதான் இறங்கி வந்தவர்."

"உதெல்லாம் எனக்குத் தேவையில்லாத கதை!"

"எங்களுக்குத் தேவை."

அண்ணை கதவை அடித்துச் சாத்திக்கொண்டு கந்தோருக்குள் போனார். சங்கம் அமைக்கப் பாதிக்கு மேல் கையெழுத்து வேண்டும் என்றாள் நிருஷா. வெள்ளிக்கிழமைக்குள் என்ன கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பயத்தில் இரண்டு பேர் அழுதார்கள். ஆனாலும் சங்கக் கடுதாசி மேசைக்கு மேசை போனது. என்னிடம் வந்தது. கையெழுத்துப் போட்டு மார்லேனிடம் நீட்டினேன்.

"உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை" என்றாள் பிரெஞ்சில். பேனையைப் பறித்து, தன் முழுப்பெயரையும் பெரிதாக எழுதினாள். "நீயே கொண்டுபோய்க் காட்டு. நாங்கள் பின்னால் வருகிறோம்."

முப்பது பேருக்கு அந்தக் கந்தோர் கொள்ளவில்லை. பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மார்லேனின் தோள் என் தோளில் முட்டியது, அவள் நகரவில்லை.

"இரவிச்சந்திரன்," என்றேன், முதல்தடவையாக அண்ணை போடாமல், கடுதாசியை அவர் மேசையில் வைத்தபடி. "எழும்பி நிண்டு வாசியுங்கோ."

அவர் எழும்பினார்.