கண்ணைப் பொத்திக்கொண்ட லிங்கம்மாள்

அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருவைச் சேர்ந்த சௌடப்பனின் மகள் லிங்கம்மாள், மூன்று வயதில், இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டாள். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருமே கண்ணைப் பொத்திக்கொண்டு தாங்கள் மறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இவள் நினைத்தது நடந்தது, அவ்வளவுதான். 1943ஆம் வருடம் சித்திரையில் இதை முதலில் கண்டவள் ஞானப்பூ. மாதாகோயிலுக்குப் பின்னால் குடியிருந்த அவள், தறி வீட்டுப் பெண்கள் நூல் சுற்றும் நேரத்தில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைத் தன் வேப்பமரத்தடியில் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு கொடுத்து, மிச்சத்தை வழித்துக்கொண்டு அக்குள்வரை நண்டு ஊரவிடுவாள். லிங்கம்மாளின் முறை வந்தபோது பிள்ளை கூச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்தியது. ஞானப்பூவின் மடி கனமாகவும் காலியாகவும் இருந்தது. அவள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, நண்டை அக்குளில் முடித்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளையைத் தூக்கினாள். லிங்கம்மாள் விரல்களை விலக்கிப் பார்க்கும்போது மட்டும், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கண் தெரியும். ஐப்பசியில் அம்மை குத்த வந்தவர் காற்றைத் தடவிக் கையைக் கண்டுபிடித்துக் குத்திவிட்டு, 'ஆள் தென்படவில்லை, குத்தியாயிற்று' என்று எழுதிக்கொண்டு பரளச்சிக்குப் போனார்.

சௌடப்பன் வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசினார். இரண்டையும் குறைவாகவே பேசினார். அடுத்த வருடம் மாசியில் ஒரு காலை, தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தார்கள். யுத்த காலம். இரண்டு மாதம் காத்திருந்து கூப்பனுக்குக் கிடைத்த நூல் அது. வெயில் ஏறுமுன் கஞ்சி தடவி, காய்வதற்குள் இழை பிரித்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு விரித்த பாவு நீளமான பந்தல்; அதன் அடியில் தவழ்ந்து தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார்கள். அன்று நடுவில் உட்கார்ந்து மண்ணைக் கரை போலக் கூட்டி, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடினார்கள். மண்ணுக்குள் ஒளித்துவைக்க ஒரு குச்சி வேண்டும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்கச் செருகியிருந்த குச்சிகளில் வழவழப்பான ஒன்றை லிங்கம்மாள் உருவிக்கொண்டாள். ஈரப் பாவு மொத்தமும் சுருண்டு சிக்கியது. சௌடப்பன் ஓடிவந்து மகளை அறைந்தார். அதுவரை அவளை யாரும் அடித்ததில்லை. அவள் அழவில்லை. கண்களைப் பொத்திக்கொண்டாள்.

பசித்தால் வருவாள் என்று மத்தியானம்வரை விட்டுவைத்தார்கள். பொத்திய கையால் சோறு எடுக்க முடியாது என்பது அம்மா சுப்புலட்சுமிக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் தட்டோடு வீடு முழுக்க நடந்தாள். சௌடப்பன் இரண்டு பாஷையிலும் கூப்பிட்டார். ஆண்கள் தறிக்குழிகளைத் தடவினார்கள். பிள்ளை விலகி விலகிப் போனது. சௌடம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். மறுநாள் காலையில் தானியக் குதிருக்குப் பின்னால் விக்கல் சத்தம் கேட்டது. மத்தியானம் அந்த விக்கலும் மெலிந்துவிட்டது. முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர் அந்தப் பிள்ளைக்குள் போகவில்லை.

அப்போதுதான் ஞானப்பூ வந்தாள். சௌடப்பன் கம்பைத் தரையில் தட்டித் தட்டித் தேடுவதை வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, போலீசு தேடுற மாதிரியில்ல தேடுறீக. ஆப்பிட்டா அடிதான்னு பிள்ளைக்குத் தெரியாதா?"

"வேற எப்படித் தேடுறது தாயி?"

"இல்லாத எடத்துல தேடுங்க. செம்புக்குள்ள பாருங்க, வெத்தலைப் பையில பாருங்க. காணோமேன்னு சத்தமாச் சொல்லுங்க."

"இவுகளா?" என்றாள் சுப்புலட்சுமி, அழுகைக்கு நடுவில். "இவுக சிரிச்சு நான் பாத்தது கல்யாணத்தன்னைக்கு. அதுவும் யாரைப் பாத்துன்னு தெரியல."

சௌடப்பன் கம்பை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார். கோயில் காரியத்தில் அவர் ஒரு சொல் சொன்னால் மறு சொல் இல்லாத தெரு அது. அவர் செம்பைத் தூக்கி உள்ளே பார்த்து, "லிங்கம்மா இங்க இல்லையே" என்றார். குரல் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. எதிரே நின்ற வண்டிமாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். அங்கும் இல்லை என்றார். எதிர்வீட்டு ஜோதிலிங்கம் பொறுக்கமாட்டாமல், "ஏலே சௌடப்பா, என் குடுமிக்குள்ள பாரு, இருந்தாலும் இருப்பா" என்று தலையைக் குனிந்து கொடுத்தார். சௌடப்பன் குடுமியை அவிழ்த்துத் தேடினார். கும்பல் சிரித்தது. பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தது; வாசலில் கிடந்த பாவுக்கட்டைக்குப் பக்கத்தில் இரண்டடி உயரத்தில் ஒரு கண் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல் நின்றார்கள். தெரு முழுவதும் சேர்ந்து செய்த அந்த உபகாரத்துக்கு ஒரு மூச்சு அளவுகூடச் செலவில்லை.

தேட வேறு இடம் இல்லாமல் சௌடப்பன் தன் வலது கையை மூடி, "இதுக்குள்ள இருக்காளா?" என்று கேட்டபடி விரித்தார். அடித்த கை அது. உள்ளங்கை காலியாக இருந்தது. தெருவில் சிரிப்பு நின்றது. அவர் மண்ணில் உட்கார்ந்தார், கையை மடக்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தக் கையில் ஏதோ பாரம் வந்தது. லிங்கம்மாள் தன் இரண்டு கைகளையும் அதில் வைத்திருந்தாள். இரண்டு கைகளும் அங்கே இருந்ததால் முகம் முழுவதும் தெரிந்தது, உதடு வெடித்திருந்தது. ஞானப்பூ நீர்ச்சோற்றுத் தண்ணீரைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

சிக்கிய பாவைத் தெருவே உட்கார்ந்து நாலு நாள் பிரித்தது. ஆறு வயதுக்குப் பிறகு லிங்கம்மாள் கண்ணைப் பொத்தினாலும் மறையவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் அந்தத் தெருவில் வேறு மூன்று பிள்ளைகளுக்கு அது வந்தது. ஞானப்பூவின் மகளுக்கும் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே நடப்பவர்கள் எல்லோரும் வலது கையை முழங்கால் பக்கம் தாழ்த்தி, விரித்துக்கொண்டே நடக்கிறார்கள். நரிக்குடியிலிருந்து புதிதாக வந்த தபால்காரரும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். எப்போதாவது சின்ன விரல்கள் வந்து பிடித்துக்கொள்ளும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்கிறார்கள்.