கோ வீட்டுப் பின்னறைக் கடல்

மகனுக்குப் பெயர் வைத்த ஒன்பதாம் நாள், கோ லியாங் வீட்டில் பிள்ளை கிடந்த பின்னறை உள்ளுக்குள் அரை மைல் நீண்டிருந்தது. வெளிச்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த வீட்டுக்காரன் கயிறு பிடித்து அளந்து, தன் நிலத்தில் ஒரு சாண்கூடப் போகவில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போய்விட்டான்.

பிள்ளையின் ஜாதகத்தில் நீர் இல்லை. மழையே எட்டிப் பார்க்காத எங்கள் கன்சு மேட்டில் யார் ஜாதகத்தில்தான் நீர் இருந்தது! எங்கள் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல்; அப்படிப் பிறந்தால் நீர்க்குறி சேர்ந்த எழுத்தைப் பெயராக வைப்பது வழக்கம். பெயர் எழுதித் தரும் பை என்ற கிழவர் 'ஊற்று' என்று எழுதினார். கோ லியாங்குக்கு அது போதவில்லை.

"உள்ளதுலயே பெருசா ஒண்ணு எழுதுங்க ஐயா."

"பெருசுன்னா 'ஹாவ்'. கரையே தெரியாத தண்ணி. ஆனா பொல்லாத எழுத்துப்பா. பக்கத்துல எது வந்து நின்னாலும் அதையும் கரையில்லாம பண்ணிடும். மூச்சுங்கற எழுத்து பக்கத்துல நின்னா ஓயாத பெருமூச்சு. கேடு நின்னா ஊரையே வாரிட்டுப் போற கேடு."

"எங்க வீட்ல கேடு எதுக்கு வருது? எழுதுங்க."

தாய் ஷூசின் பால் கொடுக்க முதல் மாதம் கால் மணி நேரம் நடந்தாள். மூன்றாம் வருடம் கஞ்சிப் பானையோடு விடியலில் புறப்பட்டால் உச்சிவேளைக்குத்தான் பிள்ளை உட்கார்ந்திருந்த செங்கல் படுக்கைமேடையை எட்டினாள். அந்த வருடம் கிணறுகள் வற்றின. ஊர்த்தலைவருக்குப் பை கிழவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளை பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்தால் என்ன? ஷூசின் பின்னறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். அவளைத் தாண்டிக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போனவன் பிள்ளையின் தகப்பன்தான். சாயங்காலம் வாசற்படி வரை அலை வந்தது. கோ லியாங்கின் ஒற்றைச் செருப்பும் வந்தது.

பிள்ளை சாகவில்லை. மேடை ஒரு புள்ளியாக மிதப்பதை எல்லோரும் பார்த்தோம். காணாமல்போன பிள்ளையை அதன் சட்டையை விரித்துப் பிடித்துப் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் வழக்கம். ஷூசினும் அழைத்தாள். ஒவ்வொரு முறை "ஹாவ்" என்றபோதும் நீர் பெருகியது, புள்ளி இன்னும் தள்ளிப் போனது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் நாங்கள் அந்த நீருக்கு வாய்க்கால் வெட்டிச் சோளம் விதைத்திருந்தோம். கதிர் பிடிக்கும் மாதத்தில் ஊர் அவள் வாசலில் வந்து நின்றது.

"இன்னும் ரெண்டு தடவ கூப்பிடு அக்கா. மேட்டு வாய்க்காலுக்குத் தண்ணி ஏறல."

பாவிகள்! நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். கூப்பிடாவிட்டால் கஞ்சிக்குத் தினை தர மாட்டோம் என்றோம். கூப்பிட்டாள். பதினேழு கோடைகள் கூப்பிட்டாள்.

எங்கள் ஊரில் நல்ல பெயருக்கு முன்னால், பேய் திரும்பிப் பார்க்காதபடி 'நாய்க்குட்டி' என்றோ 'சாணி' என்றோ பிள்ளைக்கு ஒரு மட்டமான பெயர் வைப்போம். கோ லியாங் கௌரவம் பார்த்து அதை வைக்கவிடவில்லை. பதினெட்டாம் கோடையில் ஷூசின் தானாகவே ஒன்று வைத்தாள். இடுப்பளவு நீரில் இறங்கி, "நாய்க்குட்டி! வாடா, சோறு ஆறுது!" என்று கத்தினாள். நீர் பெருகவில்லை. அலைகூட அடங்கியது. வெகு நேரம் கழித்து, புள்ளி தெரிந்த திசையிலிருந்து வளர்ந்த ஆணின் குரல் மரியாதையாக வந்தது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க."

ஷூசின் கரையேறிப் பாவாடையைப் பிழிந்துவிட்டு, வழக்கம்போல "ஹாவ்" என்று கூப்பிட்டாள். அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது.