தழைச்சாமிக்குப் போட்ட நகை

வெள்ளிமலையில் எங்கள் மெஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு அறைகள் உண்டு. அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் தங்க அங்கே வேறு இடம் கிடையாது. சமையல் என் பொறுப்பு, ஜீப் ஓட்டுவது என் வீட்டுக்காரர் சுப்புராயன். இரண்டு பேரும் நைனார்பாளையத்திலிருந்து பிழைக்க மேலே வந்தவர்கள். அருவிக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது சடையன். அவர் மலையிலேயே பிறந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இடுப்பில் பீடியைத் தேடுகிற ஆள். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது, ஏனென்றால் அவர் பேசவே மாட்டார்.

அந்த வருஷம் கோடையில் அருவிக்குப் போன இரண்டு ஜோடிகளிடம் யாரோ கத்தியைக் காட்டி நகையைப் பறித்துவிட்டார்கள். பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டான், கல்வராயன் மலையில் வழிப்பறி என்று. கீழேயிருந்து போலீஸ் வந்தது. வந்தவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை, கையில் கிடைத்த மலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சடையனின் மச்சினன் அய்யனாரும் அதில் ஒருவன். திரும்பி வந்தபோது வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது, இன்றுவரை அவனால் அரிவாள் பிடிக்க முடியாது. அப்புறம் ஆடியில் நிஜத் திருடர்கள் பிடிபட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்துபோன கீழ்நாட்டுப் பையன்கள். அந்தச் செய்தியை எந்தப் பேப்பரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. போட்டிருந்தாலும் கடைசிப் பக்கத்தில் கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழே போட்டிருப்பான்.

அதற்குப் பிறகு எங்கள் அறைகளில் பல்லிதான் குடியிருந்தது. புரட்டாசி பிறந்த நேரத்தில் அரங்கநாதன் சாரும் அவர் மனைவி எழில்மதியும் வந்து இறங்கியபோது எனக்குக் கும்பிடப் போன தெய்வம் எதிரே வந்தாற்போல இருந்தது. சார் திருக்கோவிலூரில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷர்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து கால் தரையில் படுமுன்பே தோளில் கிடந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அறைக்குள் போனதும் தாழ்ப்பாளை நாலு தரம் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு கட்டிலைக் கதவோரம் இழுக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டில் வந்து தங்கிவிட்டு என் கதவுக்கே கட்டிலை முட்டுக் கொடுக்கிறாரே என்று. பேப்பர் படித்த மனுஷர், வேறென்ன செய்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

எழில்மதி அவருக்கு நேர் எதிர். வந்த கையோடு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். தினை மாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மனசில் இருந்ததையும் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை, பாண்டிச்சேரியில் பார்க்காத டாக்டர் இல்லை. இவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள் என்றுதான் அவர் மலைக்குக் கூட்டி வந்தாராம். பயந்த மனுஷர், எனக்காகத்தான் வந்தார் என்று அவள் சொன்னபோது கண் கலங்கியது. வெளியே சடையன் எங்களுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். அவர் முகத்தில் என்றைக்கு என்ன தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பஸ் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள், எங்கேயும் வண்டி நகரவில்லை என்றார்கள். எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்றும் சொன்னார்கள், செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்கு. யாருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எட்டாத விஷயம். என் அரிசி மூட்டையும் என் வீட்டுக்காரரும் ஜீப்போடு கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார்கள் என்பது மட்டும் நன்றாக எட்டியது. சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இறங்க வழியில்லாத மலையில் மாட்டிக்கொண்டோம் என்று அவர் நினைப்பது தெரிந்தது. எழில்மதிதான், வந்தது வந்தாச்சு, அருவியையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

சனிக்கிழமை காலை சடையனோடு புறப்பட்டார்கள். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். சோறும் தண்ணீரும் துண்டும் வைத்த பையைச் சடையன் தோளில் மாட்டிக்கொண்டார். சார் என் எதிரிலேயே மனைவியிடம், கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடு, கைக்குட்டையில் முடிந்து பத்திரமாகச் சோற்றுப் பைக்கு அடியில் வைக்கிறேன் என்றார். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிக் கொடுத்தாள்.

பிற்பகல் திரும்பி வந்தபோது எழில்மதி முகத்தில் சிரிப்பு இருந்தது. தலை ஈரம்கூடக் காயவில்லை. சார் அவளுக்குப் பின்னால் பேயறைந்த மாதிரி வந்தார். நேராக என்னிடம் வந்து, நகையைக் காணோம் என்றார். பையில்தானே வைத்தீர்கள் என்றேன். அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. சடையனுக்குத்தான் தெரியும், அவன்தான் பார்த்துக்கொண்டே இருந்தான், அவனைத் தவிர அங்கே யாரும் இல்லை என்றார். பாதை திறந்ததும் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

நான் சடையனைப் பார்த்தேன். அவர் தோளிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

“சடையண்ணே, நீ எடுத்தியா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க.”

“அப்ப எங்கதான் போச்சு? இன்னா நடந்துச்சுன்னு சொல்லேன்.”

அவர் சாரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் இரக்கம் மாதிரிகூட இருந்தது, அதுதான் எனக்குப் புரியவில்லை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ் வந்தால் நான் போய்க்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

எடுக்கவில்லை என்று சத்தம் போட்டுச் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன். அய்யனாரின் கை ஒடிந்தது எல்லோருக்கும் தெரியும். அதுவும் வெறும் சந்தேகத்தில் ஒடித்தது. இப்போது வாத்தியார் ஒருத்தர் பெயர் சொல்லிப் புகார் கொடுத்தால் சடையனை எந்த நிலைமையில் திருப்பி அனுப்புவார்கள், அனுப்புவார்களா என்பதே சந்தேகம். மரம் விழுந்து பாதை அடைபட்டதைத் திட்டித் தீர்த்த நானே அன்றைக்கு, இன்னும் கொஞ்சம் மரம் விழட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

மறியல் எத்தனை நாள்தான் நடக்கும். ஒருநாள் காலையில் சுப்புராயன் காலெல்லாம் புழுதியாக நடந்தே வந்து சேர்ந்தார். மலையடிவாரம் வரை மரங்களை அறுத்து ஒதுக்கிவிட்டார்களாம், சாயங்காலத்துக்குள் போலீஸ் வண்டிதான் முதலில் மேலே வருமாம். சார் அதைக் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு திண்ணமாக உட்கார்ந்துவிட்டார். சடையனும் எங்கும் ஓடவில்லை. எங்கள் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து, கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

சற்று நேரத்தில் அவர் பெண்சாதி ஆயம்மாள் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அடுப்படி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“தங்கமணிக்கா, நாங்க எடுப்பமா? சனிக்கெழம தழைச்சாமிக்குத் தழ வாரும்போது உள்ள கைக்குட்டையில முடிஞ்சு ஒரு சங்கிலியும் வளையலும் கெடந்துச்சு. அத்தினி பொம்பளைங்க பாத்தோம். ஒருத்தி கை நீளல. அப்பிடியே எடுத்துப் போயி பூசாரி வூட்டுல வெச்சுட்டு வந்தோம். எங்களயா திருடின்றாங்க?”

என் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் போய்விட்டது.

தழைச்சாமி அருவிப் பாதையில் பாதி தூரத்தில் இருக்கிறது. சிலையோ சூலமோ கிடையாது. ஒரு நாவல் மரத்தடியில் ஆள் உயரத்துக்குக் குவிந்த தழை, அவ்வளவுதான். அந்த வழியாகப் போகிற மலைக்காரர்கள் ஆளுக்கொரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பெரிய வேண்டுதல் இருக்கிறவர்கள் காசையோ மணியையோ உள்ளே செருகிவிடுவார்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமை பெண்கள் கூடிக் காய்ந்த தழையை வாரிச் சுத்தம் செய்வார்கள். உள்ளே இருப்பதெல்லாம் சாமியுடையது. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது, போட்டவரும் வாயைத் திறக்கக் கூடாது, பார்த்தவரும் சொல்லக் கூடாது. சொன்னால் வேண்டுதல் பலிக்காது. இது எனக்குத் தெரியும். திருக்கோவிலூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அது வெறும் குப்பை.

ஆயம்மாளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அறைக்குப் போனேன். எழில்மதியும் கூட இருந்தாள். இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

“சார், நகைய நீங்க பையில வெக்கல. நாவல் மரத்தடியில தழைக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. ஆமாவா இல்லயா?”

மனுஷர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எழில்மதி அவரையே பார்த்தாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காட்டுக்குள் போகப் போக அவருக்குப் பயம் முற்றிவிட்டதாம். பையைச் சுமப்பதோ சடையன். அருவியில் ஆட்கள் மறைந்திருந்தால் என்ன செய்வது? தண்ணீர் வேண்டும் என்று சொல்லிப் பையை வாங்கி, செருப்பு வார் அறுந்த மாதிரி பின்தங்கி, நகையைத் தழைக்குள் செருகினாராம். நிமிர்ந்தபோது அவரைத் தேடித் திரும்பி வந்த சடையன் வளைவில் நின்றிருந்தார், பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது தழையும் இல்லை, நகையும் இல்லை. அவன் பார்த்தான், ஆள் விட்டு எடுத்துவிட்டான் என்று சத்தியமாக நம்பினேன், ஒளித்து வைத்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். எழில்மதிக்காகவே பயத்தை விழுங்கிக்கொண்டு மலையேறிய மனுஷர், வாய் கோணி ஒரு பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். திட்ட வரவில்லை. எழில்மதி எழுந்து நேரே விறகுக் கொட்டகைக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

“அண்ணே, அவர் வெச்சத நீங்க பாத்தீங்கதானே. உங்கள திருடன்னு சொன்னப்பகூட ஏன் வாயத் தொறக்கல?”

சடையன் எழுந்து நின்றார். சொல்லலாமா என்று என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன்.

“சொன்னா பலிக்காதுங்க. நீங்க அன்னிக்கி அடுப்பாண்ட சொல்லிக்கினு இருந்தது காதுல வுழுந்துச்சு. புள்ளைக்குத்தான் ஐயா உங்களுக்கே தெரியாம நகையப் போட்டு வேண்டிக்கினாருன்னு நெனச்சேன். உங்க முன்னால இன்னா சொல்றதுன்னு தெரியாமத்தான் எம் மேல பழியப் போட்டாருன்னு.”

“போலீஸ்காரங்க அடிச்சா?”

“அடி ஆறிப்பூடும்ங்க.”

சார் இரண்டு கையையும் குவித்தார். தப்பு பண்ணிவிட்டேன் என்றார். சடையன் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்து இறக்கினார். பிறகு ஏதோ புரியாத மாதிரி நெற்றியைச் சுருக்கினார். சாரையும் எழில்மதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப ஐயா புள்ளைக்கு வேண்டிக்கவே இல்லீங்களா?”

எழில்மதிதான் சொன்னாள்.

“இல்லண்ணே. உங்களுக்குப் பயந்துக்கினு ஒளிச்சு வெச்சாரு.”

திருடன் என்று சொன்னபோது வாடாத முகம், இத்தனை நாள் போலீஸுக்காகக் காத்திருந்தபோதும் வாடாத முகம், அப்போது வாடிப்போனது. அவர் நகையை வாங்கி வரப் பூசாரி வீட்டுக்குப் புறப்பட்டார்.