ஏட்ரியம் யார் வீட்டுச் சொத்து?

எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு முகப்புக் கூடம் கட்டினார்கள். மூன்று மாடி உயரம், மேலே கண்ணாடிக் கூரை. பெயர் ஏட்ரியம். கட்டிய பொறியாளர் தலைமை மருத்துவரின் மைத்துனர் என்பதால், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பது குடும்பச் சண்டையாயிற்று.

“மாப்பிள்ளை, ஏட்ரியம்னா இதயத்தோட மேலறை. எங்ககிட்டருந்து நீங்க சுட்டது” என்றார் மருத்துவர். இதயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய கருத்து.

“அத்தான், நீங்க அறுக்கிற இதயத்துல கண்ணாடிக் கூரையா இருக்கு?”

செய்திமடல் எழுதும் நான் குறிப்பெடுத்தபடி, “அப்ப இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு சார்?” என்று பொறியாளரைக் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “ஸ்டைலா இருக்கும்னு வச்சேன்மா.”

திறப்பு விழாவில் மருத்துவர் வாசிக்கவேண்டிய உரையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. “இதயத்துலருந்து வந்ததுன்னே போட்டுரும்மா” என்பது மருத்துவரின் உத்தரவு. இரண்டு அகராதிகளைப் புரட்டியதும் அவர் சாயம் வெளுத்துவிட்டது. ஏட்ரியம் பழைய ரோமானியர் வீட்டின் நடுக்கூடம். வருகிறவர்கள் முதலில் நிற்கும் இடம். உடம்பை ஆராய்ந்தவர்கள் வெகுகாலம் கழித்துத்தான், வரும் இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் அறைக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கினார்கள். அடுப்புப் புகை படிந்து கறுத்த கூடம் என்பதால் ‘கறுப்பு’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் மறுக்கிறார்கள்.

அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க சார்.”

“நான் படிக்காததாம்மா?” என்று ஒரு வரிகூடப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மேடையில் கணீரென்று ஆரம்பித்தார். மூன்றாவது பத்தியில், “மருத்துவர்களாகிய நாங்கள் இச்சொல்லைக் கட்டடக் கலையிடமிருந்து இரவல் பெற்றோம்” என்ற வரியில் குரல் சறுக்கியது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்; பின்பக்கம் காலி. நிறுத்தினால் மானம் போகும். அடுப்புக் கரிவரை வாசித்து முடித்தார். முன்வரிசையில் மைத்துனர் எழுந்து நின்று கைதட்டினார். எதைக் கேட்டோம் என்று தெரியாத கூட்டமும் தட்டியது.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெளியூர் மருத்துவர்கள் நாலு பேரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது நம்ம வார்த்தையே இல்ல, டாக்டர். வீட்டுலருந்து வந்தது. கரி, புகை! முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன், யார் கேக்குறா?” என்னைப் பார்த்ததும் விரலை ஆட்டினார். “நீயும் குறிச்சுக்கம்மா. இதெல்லாம் அகராதியில கிடைக்காது.”

“சரிங்க சார்” என்று குறித்துக்கொண்டேன்.