செத்தவன் எழுந்து வந்த படம்

குளத்தூருக்கு வெளியே ஒரு சினிமாக் கொட்டகை போட்டிருந்தார்கள். கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே ஒரு மெஷின். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போனால் வெற்றிலை போட்டு, மென்று துப்பி, மறுபடியும் போடுகிற தூரம். மாட்டை வீணுக்கு நடக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. ஆகவே படம் மாறினால் முதல்நாள் நான் மட்டும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன். மறுநாள் காலையில் ஊருணிக்கரையில் படம் எப்படி என்று சொல்லுவேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் போடுகிற மார்க்கெல்லாம் எனக்கு வராது. நெல் அளக்கிற கணக்கில்தான் படத்தையும் அளப்பேன். முழுப்படி என்றால் குடும்பத்தோடு போகலாம். அரைப்படி என்றால் வண்டி பூட்டலாம், நடுவில் தூங்கினாலும் நஷ்டமில்லை. உழக்கு என்றால் அந்தப் பக்கம் வேறு ஜோலி இருந்தால் எட்டிப் பார்க்கலாம். ஆழாக்கு என்றால் வீட்டிலேயே படுத்துக்கொள். முழுப்படி நான் யாருக்கும் அளந்ததில்லை. அரைப்படிக்குக் குறைந்தால் எங்கள் ஊரில் வண்டி பூட்டமாட்டார்கள். பின்னே யாரை நம்புவது? நோட்டீசைக் கேட்டால் எல்லாப் படமும் முழுப்படி. என் மகன் சோலையப்பனைக் கேட்டால், பாட்டு வந்தாலே அவனுக்கு முழுப்படி.

அந்தத் தடவை புதுப்படத்துக்கு நான் அளந்தது ஆழாக்கு.

"என்னப்பா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று சோலையப்பன் முகம் வாடிப்போனான். காரணம் எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி செவந்திக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. திங்கட்கிழமை அவள் அப்பன் மீமிசல் பக்கத்திலிருந்து வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறான். ஞாயிற்றுக்கிழமையோடு படத்தையும் எடுத்துவிடுவார்கள். பிரசவம், கைக்குழந்தை என்று ஆனபிறகு அவளைக் கொட்டகைக்கு யார் விடப்போகிறார்கள்? இதை விட்டால் அவளுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்குப் படம் கிடையாது. அந்த ஏக்கம் அவள் கண்ணிலேயே தெரிந்தது.

எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடம் சொல்லுவாள். நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஏ கன்னுக்குட்டி, மாமா அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று அதன் கழுத்தைச் சொறிந்தாள். "ஆனா பசிச்சு கெடக்கிற புள்ளத்தாச்சிக்கு ஆழாக்குன்னாலும் சோறு சோறுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஒரு சொல், என் வீட்டுக்கு ஒரு சொல் என்று வண்டி பூட்டினால் அடுத்த படத்துக்கு என்னை எவன் மதிப்பான்?

வெள்ளிக்கிழமை காலையில் உண்ணாமலை வந்து சேர்ந்தாள். எனக்குப் பங்காளி முறையில் தங்கை. குளத்தூரில் மகள் வீட்டுக்குப் போனவள், முந்தின நாள், வியாழக்கிழமை ராத்திரி, அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஊருணியில் குடத்தை இறக்கிவைக்காமலே ஆரம்பித்தாள்.

"முழுப்படி! கோபுரமா அளக்கலாம். அந்தத் தபால்காரன் செத்தப்ப எனக்குச் சேலை முந்தி நனைஞ்சுபோச்சு."

"எப்ப நனைஞ்சுது?" என்று கேட்டேன். "அவன் செத்தப்பவா, எந்திரிச்சு வந்தப்பவா?"

"செத்தவன் எப்படிண்ணே எந்திரிப்பான்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். பண்ணையார் மகன் ஆத்துல விழுறான். தபால்காரன் குதிச்சுக் காப்பாத்திட்டு இவன் செத்துப்போறான். பாடை கட்டி, சங்கு ஊதி, கட்டிக்கப்போற பொண்ணு மண்ணுல பொரண்டு அழுவுறா. விளக்கைப் போட்டு முறுக்கு வித்தாங்க. மறுபடி விளக்கை அணைச்சா, அதே பய சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு வாரான்! அவளும் கதவுக்குப் பின்னால நின்னு வெக்கப்படுறா! பேயின்னு ஒருத்தன் ஓடணுமே? ஓடலை. ஆறு இட்லி திங்கிறான்."

குடத்தோடு நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"இட்லி தின்னு, பரிசம் போட்டு, அதுக்கப்புறந்தாண்ணே அவன் சாவுறான்! நீங்க தூங்கிப்போயிருப்பீங்க."

"நானா? நான் தரையில உக்காந்து அந்த ஆபரேட்டரைக் கத்துன கத்து உன் மகள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். உனக்கு எவனோ ஓசி டிக்கெட் குடுத்திருக்கான். அதான் கோபுரமா அளக்குற."

"ஓசியா? என் காசைப் போட்டுப் பார்த்தேன்! வயசான காலத்துல கண்ணுந் தெரியல, கதையும் புரியல, அளக்க மட்டும் வந்துர்றீங்க!"

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் செவந்தி கன்றுக்குட்டியிடம் ஒன்றுமே பேசவில்லை. பேசாமல் தண்ணீர் காட்டினாள். அவள் பேசாதது என்னைக் குத்தியது. உண்ணாமலை பேசியது அதைவிடக் குத்தியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில் குளத்தூருக்கு நடந்தேன். அவள் பொய்யை அங்கேயே உடைத்து, கையோடு கொண்டுவந்து ஊருணியில் வைப்பது என்று போனேன்.

கொட்டகை ஆபரேட்டர் மைக்கேல்சாமி ஆவூர்ப் பக்கத்துப் பையன். மெஷின் அறை வாசலில் உட்கார்ந்து பிலிமைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதையா பயமா தெரியவில்லை.

"தம்பி, உங்க மாதா சத்தியமாச் சொல்லு. தபால்காரன் செத்து எந்திரிக்கிறானா இல்லையா?"

"இல்லீங்க ஐயா. செத்தா செத்ததுதான்."

"அப்ப நான் புதன்கெழமை பார்த்தது?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஐயா, முதலாளி காதுக்குப் போகக்கூடாது. படப் பொட்டியெல்லாம் விராலிமலையிலேருந்து பஸ் கூரையில வந்துச்சுங்க. மழையில ரெண்டு பொட்டிக்கு நம்பர்ச் சீட்டு உரிஞ்சுபோச்சு. எது முன்னால, எது பின்னாலன்னு தெரியல. குத்துமதிப்பா மாட்டுனேன். சாவு முன்னால வந்துருச்சு, பரிசம் பின்னால போயிருச்சு. மறுநாள் சரிபண்ணிட்டேன்."

"ஏன்டா, செத்தவன் சைக்கிள்ல வாரான்னு நான் தொண்டை கிழியக் கத்துனேனே, அப்பவே நிறுத்தக்கூடாதா?"

"நீங்க எல்லாப் படத்துக்கும் கத்துறீங்களே ஐயா" என்றான் பாவமாக. "வேற ஒருத்தரும் கேக்கலீங்க. வெளியில போறப்ப நல்ல படம்னுதான் சொல்லிட்டுப் போனாங்க."

ஒரு கொட்டகை நிறைய ஜனம். செத்தவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பெண் கேட்கப் போகிறான். அதைப் பார்த்துவிட்டு நல்ல படம் என்று சொல்லிப் போயிருக்கிறது. மற்றவன் சொல்லை நான் நம்பாததில் தப்பு உண்டா?

திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. உண்ணாமலை பொய் சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் ஊருணியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்:

"இங்கே கேளுங்க. கொட்டகையில ஏதோ முன்ன பின்ன ஆகிப்போச்சு. நான் பார்த்தது வேற படம், இவ பார்த்தது வேற படம். இப்ப ஓடுற படத்தை நான் இன்னும் அளக்கவே இல்லை. ஞாயித்துக்கெழமை வண்டி பூட்டுறேன்."

"அண்ணே, நானும் வாரேன்" என்றாள் உண்ணாமலை. "ரெண்டு தடவை பாத்தா எனக்கும் நல்லா வெளங்கும்."

"வா, வா. ஓசி வண்டிதானே."

வீட்டில் செவந்தி கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்து அதன் நெற்றியில் முட்டினாள். அது மிரண்டு துள்ளியது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வைக்கோலை உயரப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டினேன். படம் சரியாகத்தான் ஓடியது. சைக்கிள் வந்தது, இட்லி தின்றான், பரிசம் போட்டார்கள், பிறகு ஆற்றில் குதித்தான். குதித்தவன் குதித்தவன்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே விசும்பல். படம் அரைப்படி தேறும். உண்மையைச் சொன்னால் நான் முதலில் பார்த்ததுதான் விறுவிறுப்பு.

திங்கட்கிழமை காலையில் சம்பந்தி நல்லதம்பி வந்து இறங்கினார். மகள் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் கொவ்வைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கையிலிருந்த பழச்சீப்பை அப்படியே வைத்தார்.

"என்ன சம்பந்தி, புள்ளத்தாச்சிப் பொண்ணை யாரு இப்படி அழவச்சது?"

"ஒரு தபால்காரன்" என்றேன்.

அவர் சோலையப்பனைப் பார்த்த பார்வையில் அவன் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டான். செவந்தி சிரிக்கப் பார்த்து மறுபடியும் அழுதாள். "சினிமாப்பா! ராத்திரி முழுக்க அவன் மொகமே வந்து நிக்கிது. நல்லவன்ப்பா. சாகாம இருந்திருக்கலாம்."

பஸ் ஏற்றிவிட நான்தான் வண்டி ஓட்டினேன். வண்டியில் ஏறினபிறகும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி அழுதபடியா ஒரு பெண் என் வீட்டைவிட்டுப் போவது? கொஞ்ச தூரம் போனதும் அவள் அப்பனிடம் சொன்னாள்: "அப்பா, மாமா பார்த்த படத்துல அவன் எந்திரிச்சு வந்தானாம். அதைக் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்களேன்."

சொன்னேன். பாடையிலிருந்து ஆரம்பித்தேன். சங்கு ஊதினேன். சைக்கிள் மணியை வாயாலேயே அடித்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டில் அவனுக்கு இட்லி வைத்தபோது நல்லதம்பியே "செத்தவனுக்கு அம்புட்டுப் பசி இருக்கும்ல" என்றார். செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். கடைசியில் சோகமாக ஒரு படப்பெட்டி உண்டு. அதை நான் அவிழ்க்கவே இல்லை. அதற்குள் அவனுக்குக் கல்யாணத்தை முடிக்க மேளக்காரர்களை வரவழைத்துவிட்டேன்.

மேளம் ஆரம்பிக்கும்போது புதுக்கோட்டை பஸ் வந்துவிட்டது. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, கீழே நின்றபடி தாலி கட்டுகிறவரைக்கும் சொன்னேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவன் ஊதாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

"எந்தப் படம் பெரியவரே? நல்லாருக்கும் போலிருக்கே!"

"இனிமே ஒனக்குக் கெடைக்காது, போ" என்றேன். "அது ஒருநாள்தான் ஓடுச்சு."